காலநிலைக் கையேடு: 'பார்ட்டிசன் போலரைசேஷன்' தமிழில் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,
'பார்ட்டிசன் போலரைசேஷன்', அதாவது அரசியல் கட்சிகள் எதிரெதிர் பக்கங்களில் இறுகிப்போவதை, நீலகிரிக் காலநிலைக் கையேட்டின் கடைசி இயலில் 'துருவமயமாதல்' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும். உறைபனி இயலில் 'துருவப் பனி உருகல்' வருகிறது. மாணவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். 'முனைவாக்கம்' ஒளியியலுக்குப் போய்விட்டது. 'கட்சிப் பிளவு' என்று வைக்கலாமா?
(கோத்தகிரி)

ஐயா,
துருவம் போகட்டும். ஆனால் 'கட்சிப் பிளவு' என்றால் நம்மவர்களுக்கு 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்ததும், 1972-இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டதும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது நேர்மாறு. கட்சி உள்ளே இறுகுகிறது. எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களிக்கக்கூடிய நடுவாந்தர ஆட்கள் இல்லாமல் போகிறார்கள்.

அதன் விளைவைப் பார்த்தால் சொல்லின் தேவை புரியும். அமெரிக்காவில் பன்னாட்டு உடன்படிக்கைக்கு மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 100 பேரும் வந்தால் 67 வாக்கு. ஒரு கட்சி தனியாக அதை எட்டுவது அரிது. எனவே 2016-இல் ஒபாமா பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தைச் செனட்டுக்கு அனுப்பாமல் அதிபர் அதிகாரத்தில் ஏற்றார். அதற்கு இடம் கொடுக்கும்படி வாசகமே முன்பே தளர்த்தப்பட்டிருந்தது: 2015 டிசம்பரில் கடைசி நேரத்தில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய 4.4-ஆம் பிரிவில் கட்டாயப்படுத்தும் 'ஷால்' (செய்தாக வேண்டும்) போய் 'ஷுட்' (செய்வது நல்லது) வந்தது. கையெழுத்தில் வந்தது கையெழுத்தில் போயிற்று. டிரம்பின் விலகல் 2020 நவம்பர் 4-இல் நடைமுறைக்கு வந்தது. பைடன் காலத்தில் 2021 பிப்ரவரி 19-இல் மறுசேர்க்கை. 2025 ஜனவரி 20-இல் மறுபடி விலகல் ஆணை.

வரைவில் முந்தைய காலநிலை உடன்படிக்கையான கியோட்டோவையும், கட்சிப் பிரிவால் தடுமாறியவற்றின் பட்டியலில் சேர்த்திருப்பது தவறு. 1997 ஜூலையில் செனட் 95–0 என்று எச்சரிக்கைத் தீர்மானம் போட்டது; அன்று இரு கட்சியும் ஒரே பக்கம். அதை எடுத்துவிட்டு, இரு கட்சியும் சேர்ந்த விதிவிலக்காக, குளிர்சாதன வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தைச் சேருங்கள். 2022-இல் 69–27 என்று தேறியது. குளிர்சாதனத் தொழில்துறையே அதைக் கேட்டதால் குடியரசுக் கட்சியினர் சிலரும் வாக்களித்தார்கள்.

என் பரிந்துரை 'கட்சிவாரி அணிபிரிதல்'. 'சாதிவாரி' பழகிய காதுக்குக் 'கட்சிவாரி' உறுத்தாது. நிலையைக் குறிக்க 'அணிபிரிவு', அடையாக 'அணிபிரிந்த செனட்'.
(குன்னூர்)

அக்கா,
'அணி' என்றால் இங்கே மாணவரணி, மகளிரணி, தேர்தல் கூட்டணி. தனியாக நிற்காது, 'கட்சிவாரி' முன்னால் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 'கட்சிவாரி விலகல்' என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள், ஒப்பந்த விலகலோடு மோதும். ஆஸ்திரேலியாவையும் ஒரு வரி சேர்க்கலாம்: 2012 ஜூலையில் தொடங்கிய கார்பன் விலை (உமிழ்வுக்கு நிறுவனங்கள் கட்டும் கட்டணம்), ஆட்சி மாறியதும் 2014 ஜூலையில் நீக்கப்பட்டது. அமெரிக்கச் செனட்டின் 67 வாக்கு விதி இல்லாத நாட்டிலும் இது நடக்கிறது என்பது தெரியும்.
(உதகை)

சரி, 'கட்சிவாரி அணிபிரிதல்' என்றே திருத்துகிறேன், கியோட்டோவை எடுத்துவிட்டேன். ஒரு நாடு உடன்படிக்கையை முறைப்படி உறுதிசெய்யும் 'ராட்டிஃபிகேஷ'னுக்கு 'ஏற்புறுதி', 'பின்னேற்பு' இரண்டும் வரைவில் கலந்து கிடக்கின்றன. எதை வைப்பது?
(கோத்தகிரி)