டியூபை இறக்கினால் இலை கருகுகிறது, ஏற்றினால் நாற்று நெட்டையாகிறது: எந்த உயரம் சரி?

துளிர்
வணக்கம். இரண்டு தட்டு உள்ள மர அலமாரி ஒன்றில் தக்காளி, மிளகாய் நாற்று வளர்க்கிறேன். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே 4 அடி டி8 டியூப் இரண்டு, ஒவ்வொன்றும் 36 வாட். சோக், ஸ்டார்ட்டர் உள்ள பழைய மாதிரி பட்டிதான். வெளிச்சம் வீணாகக் கூடாது என்று பின்புறம், பக்கங்கள், முன்புறம் எல்லாவற்றையும் அலுமினிய ஃபாயில் ஒட்டி மூடியிருக்கிறேன். தினமும் 18 மணி நேரம் எரிகிறது.

முளைத்து 3 வாரம் ஆகிறது. முதலில் டியூபை 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். தண்டு நூல் மாதிரி நீண்டு சாயத் தொடங்கியது. வெளிச்சம் போதவில்லை என்று 6 செ.மீ. வரை இறக்கினேன். நாலே நாளில் இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, நுனி காய்ந்துவிட்டது. டியூபுக்கு நேர் கீழே தொங்கும் தெர்மாமீட்டர் 38 டிகிரி காட்டியது. பயந்துபோய் 25 செ.மீ.க்கு ஏற்றினேன். கருகுவது நின்றது, ஆனால் மறுபடி நெட்டையாகிறது.

இதற்கு நடுவில் எந்த உயரம் சரி? இன்னொரு விஷயமும் புரியவில்லை. மேல் தட்டு நாற்றுகள் கீழ்த் தட்டைவிட மோசமாக இருக்கின்றன. விதையும் ஒன்றுதான், டியூபும் ஒன்றுதான்.

வேர்மண்
உயரத்தைச் சொல்வதற்கு முன் சில அளவுகள் வேண்டும். தெர்மாமீட்டர் டியூபின் வெளிச்சத்தை நேராக வாங்கிக்கொண்டு தொங்கினால், காற்றின் வெப்பத்தைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அதன் முனைக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளைக் குடை மாதிரி வைத்து, இலை இருக்கும் உயரத்தில் அளந்து பாருங்கள். அப்புறம் இரண்டு தட்டிலும் மண்ணுக்குள் 2 செ.மீ. ஆழத்தில் அளவு எடுங்கள். அலமாரிக்கு வெளியே அறையின் வெப்பமும் வேண்டும். போனில் லக்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவு, அளக்கும் ஆப் இருந்தால் அதையும் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே போனில் இரண்டு உயரத்தில் அளந்து ஒப்பிட அது போதும்.

பச்சையம்
என்ன டியூப் போட்டிருக்கிறீர்கள்? மஞ்சளாக எரிவதாக இருந்தால் அதுதான் சூட்டுக்குக் காரணம். கூல் டேலைட் டியூப் மாற்றிப் பாருங்கள், சூடு குறையும்.

வேர்மண்
பச்சையம், அந்தப் பெயர் நிறைய பேரைக் குழப்பிவிடுகிறது. கூல், வார்ம் என்பதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைப் பற்றியது. வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் டியூபும் மஞ்சளாக எரியும் 2700 கெல்வின் டியூபும் ஒரே 36 வாட் இழுத்தால், அலமாரிக்குள் விடும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாற்றுக்கு 6500 நல்லதுதான். அதில் நீலம் அதிகம், நீல ஒளி தண்டை நீள விடாமல் கட்டுக்குள் வைக்கும். ஆனால் சூட்டுக்கு அது மருந்து இல்லை.

துளிர்
6500 கெல்வின்தான் போட்டிருக்கிறேன். அளந்துவிட்டேன். அறை 28 டிகிரி. இலை உயரத்தில், தாள் மறைத்து வைத்தபோது 34. மண் மேல் தட்டில் 33, கீழ்த் தட்டில் 29. லக்ஸ் 25 செ.மீ. உயரத்தில் 3,800, 8 செ.மீ.க்கு இறக்கிப் பார்த்தபோது 9,500.

வேர்மண்
இந்த அளவுகளே முழுக் கதையையும் சொல்கின்றன.

முதலில் வெளிச்சம். நல்ல உச்சி வெயிலில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் இருக்கும். தக்காளி அந்த வெயிலில் வளரும் செடி. 9,500 லக்ஸில் அதன் இலை கருக வழியில்லை. வெளிச்சம் மிஞ்சிப் போனால் இலை மேல்பக்கம் வெளுத்துப் போகும். நீங்கள் சொல்வது போல விளிம்பு மேலே சுருண்டு நுனி காய்வது, இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாதபோது வருவது. அதாவது சூடும் அசையாத வறண்ட காற்றும்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? 4 டியூப் சேர்ந்து 144 வாட். பழைய சோக் ஒவ்வொன்றும் தனியாக 9, 10 வாட் தின்னும். மொத்தம் ஏறக்குறைய 180 வாட். டியூபிலிருந்து வரும் வெளிச்சம்கூட இலையிலும் மண்ணிலும் பட்டுக் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அப்படியானால் நீங்கள் மூடிய அலமாரிக்குள் 180 வாட் ஹீட்டர் ஒன்றை 18 மணி நேரம் ஓட்டுகிறீர்கள். டியூபை எத்தனை உயரத்துக்கு ஏற்றினாலும் அந்த 180 வாட் உள்ளேயேதான் இருக்கும். ஏற்றினால் குறைவது வெளிச்சம் மட்டும்தான் என்றே சொல்லலாம். உங்கள் அளவிலேயே பாருங்கள், 25 செ.மீ.க்கு ஏற்றிய பிறகும் இலை உயரத்தில் 34 டிகிரி. கருகுவது நின்றதற்குக் காரணம் இலை டியூபின் உடம்பை விட்டு விலகியதுதான். அலமாரி குளிரவில்லை.

குறைந்த வெளிச்சமும் அதிக வெப்பமும் சேர்ந்தால் நாற்று நெட்டையாகாமல் என்ன செய்யும்? வெப்பம் வளரச் சொல்லி விரட்டுகிறது, வெளிச்சமோ உணவு செய்யப் போதவில்லை. அதனால் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கையாள வேண்டும். வெளிச்சத்தை உயரத்தால் சரிசெய்யுங்கள், வெப்பத்தைக் காற்றால் சரிசெய்யுங்கள்.

இப்போது மேல் தட்டு. கீழ்த் தட்டின் பட்டி எங்கே மாட்டியிருக்கிறது? மேல் தட்டுப் பலகையின் அடியில்தானே? அதன் சோக்குகள் அந்தப் பலகையைச் சுட வைக்கின்றன, பலகை நாற்றுத் தட்டைச் சுட வைக்கிறது. மண் 33 காட்டுவது அதனால்தான். விதை முளைக்கும்போது அந்த அடிச்சூடு நல்லது, மிளகாய்க்கு ரொம்பவே நல்லது. முளைத்த பிறகு அதே சூடு கெடுதல். ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் நோய்க்கும் வழிவிடும்.

முன்புற மறைப்பை முழுசாக எடுத்துவிடுங்கள். பக்கங்களில் ஃபாயிலுக்குப் பதில் வெள்ளை அட்டை வையுங்கள், மேலேயும் கீழேயும் ஒரு சாண் இடைவெளி விட்டு. சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று வரும். பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தை நன்றாகவே திருப்பி அனுப்பும்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: அலுமினிய ஃபாயில் மின்சாரம் கடத்தும். டியூப் ஹோல்டர் பக்கத்திலோ, வயர் இணைப்பின் பக்கத்திலோ ஒட்டியிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊற்றுவதுதான் நல்லது.

சின்ன ஃபேன் ஒன்றைக் குறைந்த வேகத்தில், இலை லேசாக ஆடும் அளவுக்கு வையுங்கள். காற்றில் ஆடும் நாற்றின் தண்டு தடிக்கும் என்பது கூடுதல் லாபம். மேல் நாற்றுத் தட்டுக்கு அடியில் 3, 4 செ.மீ. உயரக் கட்டைகள் கொடுத்துப் பலகையிலிருந்து தூக்கி வையுங்கள். இவ்வளவும் செய்தபிறகு டியூபை 8 செ.மீ.க்கு இறக்குங்கள்.

இரவுமல்லி
வேர்மண் சொன்னதோடு இன்னும் இரண்டு. 18 மணி நேரம் வேண்டாம், 14 முதல் 16 போதும். டைமர் போட்டு, விளக்கு எரியும் நேரத்தை இரவுப் பக்கம் தள்ளிவிடுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு எரிந்து காலை 9 மணிக்கு அணையட்டும். அறை குளிர்ந்திருக்கும் நேரத்தில் டியூப் சூடும், அறை சூடாகும் பகலில் செடிக்கு இருட்டும் கிடைக்கும். நான் இப்படித்தான் வெயில் காலத்தைக் கடக்கிறேன். அப்புறம், டியூபின் இரு முனைகளிலும் வெளிச்சம் குறைவு, சூடு அதிகம். நடு நாற்றையும் ஓர நாற்றையும் வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். முனை கறுத்த டியூப் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். உடைக்காமல் கழற்றுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

துளிர்
இருவருக்கும் நன்றி. ஃபாயில் ஒரு ஹோல்டரைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். சோக்குகளை அலமாரிக்கு வெளியே மாற்ற முடியுமா?

வேர்மண்
முடியும், வெப்பத்தில் 36 முதல் 40 வாட் வெளியே போய்விடும். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். மரத்தையோ அட்டையையோ தொடாமல், மேலே எதுவும் மூடாமல் இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் சோக்குக்கு மாறினாலும் இழப்பு நன்றாகக் குறையும். ஆனால் முதலில் காற்றைத் திறந்துவிட்டு அளந்து பாருங்கள். அதுவே போதலாம்.

துளிர்
12 நாள் கழித்து எழுதுகிறேன். சோக்கைத் தொடவே இல்லை. முன்புறம் திறந்து, ஃபேன், கட்டை, வெள்ளை அட்டை, இரவு நேர டைமர், அவ்வளவுதான். இலை உயரத்தில் 29, மேல் தட்டு மண் 28. டியூப் 8 செ.மீ.யில் இருக்கிறது. புறங்கையை இலை உயரத்தில் அரை நிமிடம் வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புகூடப் பெரிதாகத் தெரியவில்லை. புது இலைகள் தட்டையாக, கரும்பச்சையாக வருகின்றன. மேல் தட்டும் கீழ்த் தட்டும் இப்போது ஒரே மாதிரி. ஃபேன் வைத்ததிலிருந்து மண் சீக்கிரம் காய்கிறது, அதனால் காலையும் மாலையும் நாற்றுத் தட்டைத் தூக்கி எடை பார்த்துத் தண்ணீர் விடுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே நெட்டையாகிப் போன பழைய நாற்றுகளைக் காப்பாற்ற முடியுமா?

இரவுமல்லி
தக்காளியைத் தாராளமாக. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது விதையிலை வரை தண்டை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய்த் தண்டு அந்த அளவுக்கு வேர் விடாது. அதைக் கொஞ்சம் மட்டும் ஆழமாக வைத்து, ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மாற்றி நட்ட முதல் 2 நாள் டியூபை 15 செ.மீ.க்கு ஏற்றி வைத்து, நாற்று நிமிர்ந்ததும் இறக்குங்கள்.