இரண்டு அங்குலம் என்றால் யாருடைய அங்குலம்? அக்குபஞ்சர் படிக்கப் போய்க் கற்றவை

தொடங்கியவர்:

பேருந்தில் ஏறிக் கால் மணி நேரம் ஆனாலே எனக்குக் குமட்டும். மணிக்கட்டுக்கு மேலே ஒரு புள்ளி இருக்கிறது, அங்கே அழுத்தினால் அடங்கும் என்று ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகத்தில் படித்தேன். “மணிக்கட்டு ரேகையிலிருந்து இரண்டு அங்குலம்” என்று போட்டிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், பேனாவால் புள்ளி வைத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக அழுத்திக்கொண்டும் வந்தேன். பலன் பூஜ்யம்.

அந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் அங்குலமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சீனத்தில் ‘சுன்’ என்பார்கள். அவரவர் கட்டைவிரல் கணுவின் அகலம்தான் அவரவருக்கு ஒரு சுன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை யாராக இருந்தாலும் 12 சுன். குழந்தைக்கும் 12, ஆறடி ஆளுக்கும் 12. சாண், முழம், விரற்கடை என்று உடம்பாலேயே அளந்த நமக்கு இது எளிதாகப் புரிந்திருக்க வேண்டிய விஷயம். மொழிபெயர்த்தவர் ‘அங்குலம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நெய்குவான் என்ற அந்தப் புள்ளி என் கையில் மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் வரும் இடத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருந்தது. நான் அழுத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு விரற்கடை தள்ளி.

சரியான இடத்தில் அழுத்திய பிறகு குமட்டல் போனதா என்று கேட்பீர்கள். குறைந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்ததும் அதே வாரம்தான், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இதில் எதை நம்பிப் படிப்பது? ஏமாந்த கதை, உருப்படியாகக் கிடைத்த கதை, எதுவானாலும் எழுதுங்கள்.

மறுமொழி 1:

நான் ஏமாந்தது மட்டுமில்லை, பத்துப் பேரை ஏமாற்றியும் இருக்கிறேன். தெரியாமல்தான்.

ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தேன். முதல் நாளே ஒரு கதை சொன்னார்கள்: 1971-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் மயக்க மருந்தே இல்லாமல், ஊசிகளை மட்டும் குத்திக் குடல்வால் அறுவை செய்தார்களாம். கேட்டதும் புல்லரித்தது. வீட்டில், அலுவலகத்தில், கல்யாணத்தில் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன்.

அப்புறம் ஒருநாள் ஏதோ தேடும்போது ரெஸ்டன் எழுதிய மூலக் கட்டுரையே கிடைத்தது. 1971 ஜூலை 26 நியூயார்க் டைம்ஸ். அதில் அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: அறுவைக்கு வழக்கமான மரத்துப்போகும் ஊசி மருந்துதான் போட்டார்கள். அறுவை முடிந்த மறுநாள் இரவு வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோதுதான், அவர் சம்மதத்தோடு, வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் அக்குபஞ்சர் ஊசி குத்தி, வயிற்றருகே மூலிகைப் புகை காட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உபாதை இறங்கியது என்கிறார். உண்மைக் கதையே நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் ஊதிப் பெருக்க வேண்டும்?

அதே வகுப்பில் ‘5000 ஆண்டுப் பழமை’ என்றும் சொன்னார்கள். அதையும் தோண்டினேன். 1973-ல் சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையில் பட்டுத் துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. அவற்றில், உடலில் உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சொல்லும் பாதைகள் 11. இன்று எல்லாப் படத்திலும் இருப்பது 12. அந்தக் குறிப்புகள் பாதைகளின் மேல் சூடு போடுவது பற்றிப் பேசுகின்றன, ஊசி பற்றிப் பேச்சே இல்லை. ஊசி விரிவாக வருவது ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய சீன மருத்துவத் தொகுப்பில்தான். அதன் இரண்டு பகுதிகளுக்கும் பவுல் உன்ஷுல்ட் செய்த, அடிக்குறிப்புகள் நிறைந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது (2011, 2016). கனமான வாசிப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பழைய நூலில் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் என்று இப்போது என்னால் கேட்க முடிகிறது. பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

மறுமொழி 2:

ஊசிக் கதை இருக்கட்டும். மூலிகைப் பக்கம் வந்தால் விளையாட்டு இல்லை.

நான் மருந்தாளுநர். உறவுக்கார அக்கா ஒருவர் உடல் மெலிய ஒரு சீன மூலிகைப் பொடி வாங்கி வந்து “இது நல்லதா பாரு” என்றார். பொட்டலத்தில் சீனப் பெயரை ஒலிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். தாவரவியல் பெயர் இல்லை, வேரா இலையா என்றும் இல்லை. “இதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை அக்கா, வேண்டாம்” என்றேன். இயற்கைதானே என்று கோபித்துக்கொண்டார். இன்னும் முழுசாகப் பேசவில்லை.

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியும் சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மருந்தில் இருக்க வேண்டியது ஃபாங்ஜி என்ற வேர், தாவரப் பெயர் ஸ்டெஃபேனியா டெட்ராண்ட்ரா. அதற்குப் பதில் போய்ச் சேர்ந்தது குவாங்ஃபாங்ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. சீனத்தில் எழுதினால் பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல், ஆனால் செடியின் குடும்பமே வேறு. உள்ளே இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் சிறுநீரகத்தை அழித்தது. ‘மூதோங்’ என்ற பெயர் இன்னும் மோசம்: ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு செடியினங்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன, அதில் ஒன்று இதே நச்சினம்.

அதனால் மூலிகை நூல் எதை எடுத்தாலும் நான் முன்னுரையைப் படிப்பதில்லை. நேராக ஒரு மூலிகையின் பக்கத்தைத் திறப்பேன். தாவரப் பெயர், எந்தப் பாகம், எந்த ஆங்கில மருந்தோடு சேரக்கூடாது என்று மூன்றும் இருக்கிறதா? இல்லையென்றால் அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மூடி வைத்துவிடுவேன்.

மறுமொழி 3:

ஆய்வுகளைப் பார்த்தால் போதும் என்று நினைத்து இறங்கியவன் நான். ஒரே ஆய்வை இரண்டு கட்சியும் கொண்டாடுவதைப் பார்த்துத் தலை சுற்றியது.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரிடம் செய்து 2007-ல் வெளியான ஆய்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். ஆதரவாளர் பக்கத்தில் இந்த இரண்டு எண் மட்டும் இருக்கும். மூன்றாவது குழு ஒன்றும் உண்டு: புள்ளியே இல்லாத இடத்தில், மேலோட்டமாகப் போலி ஊசி குத்திக்கொண்டவர்கள். அவர்களில் 44.2 சதவீதம் பேருக்கு முன்னேற்றம்! எதிர்ப்பாளர் இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு 27.4-ஐ மறந்துவிடுவார். மூன்றையும் ஒரே பத்தியில் எழுதுகிறவரைக் கண்டால் அவர் எழுதிய மற்றதையும் தேடிப் படிக்கிறேன். எனக்கு அகப்பட்ட ஒரே வடிகட்டி இதுதான்.

உலக சுகாதார நிறுவனமே 28 நோய்களுக்கு ஒப்புக்கொண்டது என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அது 2003 அறிக்கை. அதில் பார்த்த ஆய்வுகள் 1999 தொடக்கம் வரை வந்தவை மட்டும். போலி ஊசியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. நான் இப்போது காக்ரேன் தொகுப்பாய்வுகளைத்தான் முதலில் பார்ப்பது, அதாவது ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு காக்ரேன் என்ற அமைப்பு வெளியிடுபவை. ஒற்றைத் தலைவலி பற்றிய 2016 தொகுப்பில் 22 ஆய்வுகள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 50 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன, போலி ஊசியில் 41 பேருக்கு. சின்ன வித்தியாசம், ஆனால் இருக்கிறது. எளிய நடையில் ஒரு சுருக்கமும் முன்னால் இருக்கும், இலவசம்.

மறுமொழி 4:

முறைப்படி படித்து ஊசி போடுகிறவள் நான். ஒன்றே ஒன்று. அழுத்திப் பார்க்கலாம், ஊசியை மட்டும் புத்தகம் பார்த்து எடுக்காதீர்கள். தோளின் மேல் நடுவில் ஒரு பிரபலமான புள்ளி உண்டு, எல்லாப் படத்திலும் இருக்கும். அதற்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது என்று எத்தனை படத்தில் போட்டிருக்கிறார்கள்? ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழும். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

அப்புறம், இழையைத் தொடங்கியவருக்கு ஓர் ஆறுதல். 361 புள்ளிகளின் இடத்தை ஒழுங்குபடுத்த சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்கள் உட்கார்ந்தபோது 92 புள்ளிகளில் கருத்து வேறுபாடு இருந்தது. பேசிப் பேசித் தீர்த்து 2008-ல் உலக சுகாதார நிறுவனம் நூலாக வெளியிட்டது. அப்படியும் 6 புள்ளிகளுக்கு மாற்று இடத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். நான் மேசையிலேயே வைத்திருக்கும் நூல் அது.

தொடங்கியவர்:

92-ஆ! என் ஸ்கேலை நான் மன்னித்துவிட்டேன்.

பழைய புத்தகத்தைத் தூக்கிப்போட மனமில்லை. ‘அங்குலம்’ வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் அடித்து ‘சுன்’ என்று எழுதிக்கொண்டு வருகிறேன், 40 பக்கம் ஆகிவிட்டது. நடுவில் “ஆறு அங்குல ஊசி” என்று ஓர் இடம் வருகிறது. அது எந்த அங்குலம்? ஊசி போடுகிற அக்கா, பார்த்தால் சொல்லுங்கள்.