10 பிட் எஸ்ஏஆர் ஏடிசி: பவரில் பாதிக்கு மேல் கெப்பாசிட்டர் வரிசையே தின்கிறது

நிலா_சிப்:
வணக்கம். சென்சார் ஒன்றுக்காக 180 நானோமீட்டரில் 10 பிட் டிஃபரென்ஷியல் (இரு பக்க வித்தியாசத்தை அளக்கும்) எஸ்ஏஆர் ஏடிசி (வோல்டேஜை ஒவ்வொரு பிட்டாக ஒப்பிட்டு எண்ணாக்கும் சுற்று) செய்கிறேன். சப்ளை, ரெஃபரன்ஸ் இரண்டும் 1 வோல்ட், நொடிக்கு 1 லட்சம் சாம்பிள். யூனிட் கெப்பாசிட்டர் (வரிசையின் அடிப்படைத் துண்டு) 20 ஃபெம்டோஃபாரட், பக்கத்துக்கு 1024. கெப்பாசிட்டர்களை ரெஃபரன்ஸுக்கும் தரைக்கும் மாற்றுவது வழக்கமான ஸ்விட்சிங்தான். சிமுலேஷனில் மொத்தம் 4 மைக்ரோவாட், அதில் டிஏசி (ஒப்பிடும் வோல்டேஜைத் தரும் இந்தக் கெப்பாசிட்டர் வரிசை) மட்டும் 2.7. கைடு 2-க்குள் கேட்கிறார், இடமும் குறையணுமாம். யூனிட்டை 5 ஃபெம்டோவாக்கவா, இல்லை வரிசையை இரண்டாகப் பிரித்து நடுவே பிரிட்ஜ் கெப்பாசிட்டர் போடவா?

ஓம்விதி:
பிரிட்ஜ் போடுங்க. 5+5 ஆகப் பிரித்தால் பக்கத்துக்கு 64 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

பழைய_அனலாக்:
பிரிட்ஜ் காகிதத்தில் அழகு. அதன் மதிப்பு யூனிட்டின் 32/31 பங்கு. அந்தப் பின்னத்தை லேஅவுட்டில் கொண்டுவருவதே பாடு. அதோடு எல்எஸ்பி (மிகச் சிறிய பிட்) பக்க மேல்தட்டில் ஒட்டும் பாரசிட்டிக் (வேண்டாத கெப்பாசிட்டன்ஸ்) இரண்டு பாதிக்கும் நடுவே கெயினைக் கெடுக்கும். லேஅவுட்டிலிருந்து அதை எக்ஸ்ட்ராக்ட் செய்து பாருங்கள், டிஎன்எல் (ஒவ்வொரு படியின் அளவுப் பிழை) படத்தில் 32 டிஜிட்டல் மதிப்புக்கு ஒரு பல் முளைத்திருக்கும்.

தம்பி, யூனிட்டில் கை வைக்கும் முன் ஒரு கணக்கு. பக்கத்துக்கு 20 பிக்கோஃபாரட் என்றால் கேடி/சி நாய்ஸ் (வெப்பத்தால் வருவது) சுமார் 14 மைக்ரோவோல்ட். உங்கள் எல்எஸ்பியோ ஏறக்குறைய 2 மில்லிவோல்ட், படிகளாக வெட்டுவதால் வரும் குவான்டைசேஷன் நாய்ஸே 560 மைக்ரோவோல்ட். ஆக நாய்ஸ் உங்களைத் தடுக்கவில்லை, தடுப்பது மேட்சிங், அதாவது யூனிட்கள் ஒன்றுபோல் அமைவது. யூனிட்டின் சிக்மா (மதிப்பின் சிதறல்) 0.5 சதவீதம் என்றால் நடு மதிப்பைத் தாண்டும் இடத்தில் டிஎன்எல் சிக்மா, ஒற்றை வரிசைக் கணக்கில், 32 மடங்கு: 0.16 எல்எஸ்பி. மூன்று சிக்மாவுக்கு அரை எல்எஸ்பியைத் தொடுகிறது. பரப்பைக் கால்வாசியாக்கினால் இந்தச் சிக்மா இரட்டிப்பாகும். சிப் தொழிற்சாலை தரும் டிசைன் கிட்டில் உள்ள மிம் (உலோகத் தட்டு) கெப்பாசிட்டர் 5 ஃபெம்டோ வரை இறங்குமா என்பதையும் பாருங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது ஸ்விட்சிங் முறை. 2010-இல் வந்த மோனோடோனிக் முறையில் மேல்தட்டிலேயே சாம்பிள் எடுக்கிறோம். எம்எஸ்பிக்கு (மிகப் பெரிய பிட்) எதையும் ஸ்விட்ச் செய்யாமலே முதல் ஒப்பீடு முடிகிறது, அதனால் பக்கத்துக்கு 512 யூனிட் போதும். சராசரி ஆற்றல் 1363 சிவி²-இலிருந்து (சி யூனிட் கெப்பாசிட்டர், வி ரெஃபரன்ஸ்) 255-க்கு வந்துவிடும். உங்கள் 2.7 சுமார் 0.5 ஆகும், மொத்தம் 1.8. வரிசையின் இடமும் பாதி.

ஓசியில் வராது. ஒவ்வொரு பிட்டுக்கும் காமன்மோட் (இரு பக்கத்தின் சராசரி வோல்டேஜ்) தரையை நோக்கி இறங்கும், ஒப்பிடும் கம்பாரேட்டரின் ஆஃப்செட்டும் (நிலையான பிழை) கூடவே நகரும். அதற்குப் பிமாஸ் டிரான்சிஸ்டர் உள்ளீட்டு ஜோடி வைத்து, மேலே கரண்டை நிலையாகப் பிடித்துக் கட்டுங்கள். சாம்பிளிங் ஸ்விட்ச் பூட்ஸ்ட்ராப் செய்ததாக (கேட் வோல்டேஜ் உள்ளீட்டோடு சேர்ந்து உயர்வதாக) இருக்கட்டும்.

ஓம்விதி:
அண்ணே, விசிஎம் (ரெஃபரன்ஸின் பாதி வோல்டேஜ்) அடிப்படையிலான ஸ்விட்சிங்கில் காமன்மோட் அசையாதே?

பழைய_அனலாக்:
அசையாது, உண்மை. ஆனால் 1 வோல்ட் சப்ளையில் 0.5 வோல்ட்டைக் கடத்தும் ஸ்விட்ச் 180 நானோவில் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அதையும் பூஸ்ட் செய்யப் போனால் மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் அங்கே போகும். 65 நானோவில், த்ரெஷோல்ட் (ஆன் ஆகத் தேவையான வோல்டேஜ்) குறைந்த டிரான்சிஸ்டர் கையில் இருந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

நிலா_சிப்:
மிக்க நன்றி சார். இன்றே ஸ்விட்சிங்கை மாற்றிப் பார்க்கிறேன். ரெஃபரன்ஸுக்கு இப்போதைக்கு ஐடியல் சோர்ஸ் வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

பழைய_அனலாக்:
அப்படியானால் அந்த 1.8-ஐ இன்னும் யாரிடமும் காட்டாதீர்கள். நிஜ ரெஃபரன்ஸுக்குப் பஃபர் வைத்தால் அதன் கரண்ட் ஏடிசியையே மிஞ்சலாம், பெரிய டீகப்ளிங் கெப்பாசிட்டர் வைத்தால் மிச்சம் பிடித்த இடம் போச்சு. சென்சாருக்கு ஏற்கெனவே ஒரு ரெகுலேட்டர் ஓடுகிறதா? அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் என்ன என்று போடுங்கள், பார்ப்போம்.