புறப்பாட்டு நாதஸ்வரத்தைப் பதிவு செய்யச் சிறிய வயர்லெஸ் மைக் போதுமா?

கேள்வி – காவிரிக்கரை

எங்கள் ஊர்க் கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படும் மல்லாரியை இந்த ஆண்டாவது ஒழுங்காகப் பதிவு செய்ய விரும்புகிறேன். சென்ற ஆண்டு கைபேசியில் பதிந்ததில், தவிலில் அடி விழும்போதெல்லாம் நாதஸ்வரம் சட்டென்று அமுங்கிப் பிறகு மெல்ல மேலெழுந்தது; மூன்று நிமிடங்களுக்கு மேல் கேட்க முடியவில்லை. வித்வான்கள் நடந்துகொண்டே வாசிப்பதால் ஒயர் இழுக்க வழியில்லை. டி.ஜே.ஐ. மைக் 2, ரோட் வயர்லெஸ் ப்ரோ ஆகிய இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதைக் கவனித்து முடிவு செய்வது?

மறுமொழி – ஒலிப்பேழை

அந்த அமுங்கல் கைபேசி தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைத்ததன் விளைவு. எதை வாங்கினாலும் அந்த வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் முதலில் அணைத்துவிடுங்கள். மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்றே அது எடுத்துக்கொள்ளும். விடாமல் ஒரே சுருதியை ஊதும் ஒத்தும் சுருதிப்பெட்டியும் அதன் கணக்கில் மின்விசிறிச் சத்தம்தான்.

பெட்டியில் 250 மீட்டர், 260 மீட்டர் என்று அச்சிட்டிருப்பதை வைத்து மதிப்பிடாதீர்கள். அது தடையற்ற வெளியில் கிடைக்கும் தூரம். இவை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதாலும், அதே அலைவரிசையில் வைஃபையும் புளூடூத்தும் இயங்குவதாலும், திருவிழாக் கூட்டத்தில் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் இரண்டிலும் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே (ஒலியை வாங்கி அனுப்பும் மைக் பெட்டி) 32 பிட் ஃப்ளோட் முறையில், அதாவது மெல்லியதும் உரத்ததும் அளவு திருத்தாமலே அடங்கும்படி, ஒலி பதிவாகிறது. சேமிப்பிடம் டி.ஜே.ஐ.யில் 8 ஜிபி, ரோடில் 32 ஜிபி. எனவே அலை வழியே ரிசீவருக்கு (ஒலியை வாங்கும் பெட்டி) வருவதைக் காதில் கேட்டுச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே பதிவானதையே மூலமாகக் கொள்ளுங்கள்.

மறுமொழி – தோடி

ஒலிப்பேழை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 32 பிட் ஃப்ளோட் இருந்தால் ஒலி உடையாது என்று பலரும் நம்புகிறார்கள். மைக்கின் உணர்பகுதியே தாங்காமல் உடைந்த ஒலியை எந்தப் பிட்டும் மீட்டுத் தராது. தவிலுக்கு அரை அடி தூரத்தில் வைத்தால் அதுதான் நடக்கும். தூரம் இரு மடங்கானால் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால், சற்றுத் தள்ளி வைப்பதே மலிவான வைத்தியம்.

மாட்டுவதற்கு இடமும் இல்லை. வித்வான்கள் மேலாடையின்றி வாசிக்கையில் கிளிப்பைச் செருகக் காலர் ஏது? தவிலின் வாரில் மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு அடியின் அதிர்வும் தொம் தொம்மென்று ஏறியது. நாதஸ்வரத்தின் அணசில் (விரிந்த அடிவாய்) மாட்டுவதும் சரியல்ல. விரல் துளைகள் வழியாகவும் ஒலி வெளிப்படுவதால், அணசருகே சில சுரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். கடைசியில் ஒரு மூங்கில் கழியின் நுனியில் டிரான்ஸ்மிட்டரைக் காற்றுத்தடுப்புப் பஞ்சோடு கட்டி, வித்வான்களுக்கு நான்கடி முன்னால், தலைக்குச் சற்று மேலே ஒரு பையனைப் பிடித்துவரச் செய்தேன். நாதஸ்வரம் முன்னும் தவில் அதற்குச் சற்றுப் பின்னுமாகக் கேட்டது. வித்வான்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை

மிக்க நன்றி. படம் கைபேசியில்தான் எடுப்பேன். ஒலியோடு எப்படி இணைப்பது?

மறுமொழி – ஒலிப்பேழை

தொடக்கத்தில் கைபேசியின் முன் ஒருமுறை கைதட்டுங்கள், முடிவிலும் தட்டுங்கள். இரு கருவிகளின் கடிகாரங்களும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டால்கூட, இரண்டு மணி நேரத்தில் 144 மில்லி விநாடி விலகிவிடும். தவில் குச்சி விழுவதும் சத்தம் வருவதும் பொருந்தாது. இரண்டாவது கைதட்டல் இருந்தால் ஒலியை அந்த அளவுக்கு நீட்டியோ குறுக்கியோ சரிசெய்துவிடலாம்.