அகிகுசா: புல்லும் வேண்டாம், இலையுதிர்வும் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

> அகிகுசா – இலையுதிர்காலப் புற்கள்

ஜப்பானிய ஓவியங்களில் வரும் ‘அகிகுசா’ என்ற செடிகொடிக் காட்சிக்கு முன்வைக்கப்பட்ட இந்தத் தமிழ்ச்சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலப் பெயரை வைத்துச் செய்த சொல் இது. ஜப்பானிய ஓவியத்தில் ‘குசா’ என்றால் புல் மட்டுமல்ல; செடி, கொடி, சிறு புதர் எல்லாம் அதற்குள் வரும். 8ஆம் நூற்றாண்டு மன்யோஷு கவிதைத் தொகுப்பில் கவிஞர் யமனோவே நோ ஒகுரா அடுக்கிச் சொல்லும் ஏழு அகிகுசாவில், புல் என்று பார்த்தால் சுசுகி ஒன்றுதான் (நம் நாணலைப் போல வெண்கதிர் விடுவது). குசு கொடி, ஹகி புதர், மற்றவை பூச்செடிகள். ஒகுராவே ஏழையும் பூ என்றுதான் எண்ணுகிறார்.

‘இலையுதிர்காலம்’ அதைவிடச் சிக்கல். அகிகுசாவுக்கு அது பூக்கிற நேரம். பழைய ஜப்பானிய நாட்காட்டியில் ‘அகி’ (நாம் இலையுதிர்காலம் என்கிற பருவம்) ஆகஸ்ட் 7, 8 வாக்கிலேயே பிறந்துவிடும்.

அப்படியானால் நம் பெரும்பொழுதில் எது? மாதக் கணக்குப்படி ஆவணி, புரட்டாசி, அதாவது கார். நானும் முதலில் ‘கார்ச்செடி’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஜப்பானிய ஓவியர் சகாய் ஹோயிட்சுவின் மடிப்புத்திரைகளை நினைத்ததும் அடித்துவிட்டேன். அவருக்கு முந்தைய ஓவியர் ஒகாதா கோரின் பொன் தகட்டில் வரைந்த காற்றுக்கடவுள், இடிக்கடவுள் திரைகளின் பின்பக்கத்தில், 1821 வாக்கில் ஹோயிட்சு வெள்ளித் தகட்டின்மேல் செடிகொடிகளை வரைந்தார். இடிக்கடவுளுக்குப் பின்னால் மழையில் நனைந்து தலை தொங்கும் கோடைச் செடிகள். காற்றுக்கடவுளுக்குப் பின்னால் அகிகுசா: சுசுகி சாய்கிறது, குசு இலை புரண்டு வெளிறிய அடிப்பக்கம் தெரிகிறது. முன்னால் இருக்கும் கடவுளின் வேலையைப் பின்னால் இருக்கும் இலை காட்டுகிறது! (பாதுகாப்புக்காக இப்போது முன்னையும் பின்னையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.)

ஆக, மழை கோடைக்கு, காற்று அகிக்கு. ‘கார்’ என்று போட்டால் மழையைத் தப்பான திரையில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். அதனால்தான் காருக்கு அடுத்த பருவமான ‘கூதிர்’ என்கிறேன். மாதம் கொஞ்சம் பிந்துகிறது, சரி. கூதிரிலும் நமக்கு மழை உண்டு. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் உடம்பில் படுவது குளிர்காற்றுதான். ‘கூதக்காத்து’ என்று ஊர்ப்பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்புறம் பெயர்ப்பகுதி. ‘பூண்டு’ பொருத்தமான பழைய சொல், ஆனால் இன்று யாருக்கும் சமையலறைதான் நினைவுக்கு வரும். ‘மலர்’ என்றால் புரளும் குசு இலை வெளியே நின்றுவிடும். ‘செடிகொடி’ எல்லாரும் அறிந்த சொல், எதையும் விடாத சொல்.

என் முன்மொழிவு:
அகிகுசா – கூதிர்ச் செடிகொடி
ஒகுராவின் ஏழு – கூதிர் ஏழ்மலர்

‘எழுமலர்’ வேண்டாம், எழுகின்ற மலர் என்று வினைத்தொகையாகப் படித்துவிடுவார்கள்.

கோடைத் திரையின் ‘நட்சுகுசா’வுக்கு ‘வேனிற் செடிகொடி’ போதுமா, ‘முதுவேனில்’ என்றே சொல்ல வேண்டுமா? பழைய ஜப்பானியக் கணக்கில் ‘நட்சு’ (கோடை) மே 6 வாக்கில் தொடங்குவதால் எனக்கு முன்னதே சரியெனப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.