வாசலில் ஷெரீஃப் ஆபீஸ் டெபுட்டி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மேட்டூர்க்காரன்:

போன வாரம் ராத்திரி 2 மணிக்கு எங்க வீட்டுக் கதவை யாரோ தட்டினாங்க. ஊர்லேர்ந்து வந்திருக்கிற மாமியார்தான் முதல்ல முழிச்சாங்க. திரையை விலக்கிப் பார்த்தா டார்ச், யூனிபாரம், இடுப்புல துப்பாக்கி. "மாப்ளே, போலீசு வந்திருக்கு. என்ன பண்ணீங்க?" என்ன ஆச்சுன்னு கேக்கலை பாருங்க, நான் என்ன பண்ணேன்னுதான் கேட்டாங்க.

விஷயம் ஒண்ணுமில்லை. கராஜ் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டோம். ரோந்து வந்த டெபுட்டி (ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரர்) பார்த்துட்டு, உள்ள எல்லாரும் நல்லா இருக்கீங்களா, எதாவது காணாமப் போயிருக்கான்னு கேட்டார். பையனோட சைக்கிள் மேல டார்ச் அடிச்சு, "இது இங்கதானே இருந்துச்சு?"ன்னு உறுதி பண்ணிக்கிட்டார். கதவு கீழ இறங்கித் தரையைத் தொடற வரைக்கும் நின்னுட்டுத்தான் போனார். மாமியாருக்கு அவரை வெறுங்கையோட அனுப்பினதுல இன்னிக்கு வரைக்கும் வருத்தம். காபி போட்டுக் குடுத்திருக்கலாமாம்.

எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. அட்ரஸ்ல ஹூஸ்டன் பக்கத்து ஊரான கேட்டின்னு இருக்கே தவிர, எங்க வீடு கேட்டி நகர எல்லைக்குள்ளயே இல்லை. ஹூஸ்டனைச் சுத்தி நம்ம ஆளுங்க வீடு வாங்கியிருக்கிற இடங்கள்ல பாதி இப்படித்தான், எந்த நகராட்சியிலயும் சேராத கவுண்டி நிலம். கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. சிட்டி போலீஸ் கிடையாது. 911 அடிச்சா ஷெரீஃப் ஆபீஸ்லேர்ந்தோ கான்ஸ்டபிள் ஆபீஸ்லேர்ந்தோதான் (நம்ம ஊர் கான்ஸ்டபிள் இல்லை, இங்க அது தனிப் பதவி) ஆள் வரும். நம்ம குடியிருப்புச் சங்கமோ தண்ணி வரி வாங்கற மட் டிஸ்டிரிக்டோ பணம் கட்டி, எங்க பேட்டைக்குன்னு தனியா டெபுட்டி வேணும்னு ஒப்பந்தம் போடறதும் உண்டு.

ஊர்ல எஸ்.பி.யை அரசாங்கம் போடும், அரசாங்கமே தூக்கியும் அடிக்கும். இங்க ஷெரீஃபை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க. டெக்சஸ்ல 254 கவுண்டி, 254 ஷெரீஃப், 4 வருஷத்துக்கு ஒரு தேர்தல். அவர் வேலைக்கு வச்சுக்கிற ஆளுதான் டெபுட்டி. உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

ஆறுவழிச்சாலை:

என்னுது கொஞ்சம் மானக்கேடு. அமெரிக்கா வந்த புதுசு. ஒரு சின்ன கவுண்டி வழியா ஓட்டிக்கிட்டு இருந்தேன். 75-ன்னு இருந்த போர்டு ஊர் நெருங்கவும் 55 ஆயிடுச்சு, நான் ஆகலை. பின்னாடி சிவப்பும் நீலமும் சுத்த ஆரம்பிச்சுது.

ஓரம் கட்டினேன். அப்புறம் உளுந்தூர்ப்பேட்டை டோல்கேட் பக்கத்துல என்ன செய்வேனோ அதையே செஞ்சேன். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, கதவைத் திறந்து இறங்கி, பணிவா டெபுட்டியை நோக்கி நடந்தேன். ஐயா வெயில்ல நிக்கறார், நாமதானே போகணும்? அவர் போட்ட சத்தத்துல பக்கத்து வயல்ல மாடு திரும்பிப் பார்த்துச்சு. காருக்குள்ள போய்க் கையை ஸ்டியரிங் மேல வைக்கச் சொன்னார்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு பாசஞ்சர் பக்க ஜன்னலுக்கு வந்தப்ப குரல் இறங்கியிருந்துச்சு. "நீ இறங்கி வர்றப்ப உன் கையில இருக்கிறது பேப்பரா வேறயான்னு எனக்குத் தெரியாது"ன்னார். அபராத டிக்கெட்ல கையெழுத்துப் போடத் தயங்கினேன், குத்தத்தை ஒத்துக்கிற மாதிரி ஆயிடுமோன்னு. அப்படியில்லை, கோர்ட்டுக்குப் பதில் சொல்றேன்னு குடுக்கற வாக்குதான் அந்தக் கையெழுத்துன்னு அவரே சொன்னார். 6 மணி நேர டிரைவிங் கிளாஸை ஆன்லைன்ல முடிச்சு டிக்கெட்டைத் தள்ளுபடி பண்ணிக்கிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்தச் சலுகை. லிமிட்டை விட 25 மைலோ அதுக்கு மேலயோ வேகமா ஓட்டியிருந்தா அதுவும் கிடையாது.

காரைக்குடி ஆச்சி:

என்னைய யாரும் மறிக்கல, என்கிட்ட ஆள் விசாரிக்க வந்தாக.

பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன் டெபுட்டி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். ஒரு நா மத்தியானம் ஒரு அம்மா வந்து, பின்னணி விசாரிக்கிற அதிகாரின்னு அட்டையைக் காட்டினாக. உக்காரச் சொல்லி முறுக்கு வச்சேன், எடுத்துக்கல. பையனை எத்தனை வருஷமாத் தெரியும், கோபக்காரனா, குடிப்பானா, ராத்திரி எந்நேரம் வருவான், வீட்டுல சத்தம் கேக்குமா, கடன்காரங்க யாரும் வந்து நின்னிருக்காகளா, நாயை எப்படி நடத்துவான். எங்க பக்கம் பொண்ணு குடுக்கறதுக்கு முந்தி இப்படித்தான் நாலு வீடு தள்ளிப் போய் விசாரிப்பாக. நாயைப் பத்தி மட்டும் கேக்க மாட்டாக.

எனக்கு ஒரே யோசனை. பன்னெண்டு வயசுல பேஸ்பால் அடிச்சு எங்க சமையக்கட்டுக் கண்ணாடியை ஒடச்சவன் அவன். சொல்லலாமா வேணாமா? பொய் சொல்லி வேலை வாங்கிக் குடுத்தா அது நல்லாருக்காதுன்னு சொல்லிப்புட்டேன். அதிகாரி நிமிர்ந்து, "அவங்க அப்பா அம்மாகிட்ட யார் சொன்னது, நீங்களா?"ன்னாக. "நான் சொல்லல. அவனே வந்து கதவைத் தட்டிச் சொன்னான்"னேன். அதுவரைக்கும் டிக் போட்டுக்கிட்டு இருந்தவுக அதை மட்டும் ரெண்டு வரி எழுதினாக.

பயலுக்கு வேலை கிடைச்சிருச்சு.

ரெண்டாம் ஷிப்ட்:

ஆச்சிக்கு ஒரு கும்பிடு. நானே அந்த வேலையிலதான் இருக்கேன். எந்தக் கவுண்டின்னு கேக்காதீங்க, டெக்சஸ்னு வச்சுக்கோங்க.

பதினாலு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. லேஆஃப் ஆனப்ப வயசு 39, கையில சிட்டிசன்ஷிப் இருந்துச்சு. அது இல்லைன்னா இங்க நடக்காது. கிரீன் கார்டுக்காரர்னா அமெரிக்க ராணுவத்துல ரெண்டு வருஷமாவது இருந்து நல்ல பேரோட வெளிய வந்திருக்கணும். எச்1பி விசாவுல இருக்கிறவங்க கனவு காண வேணாம். கலிஃபோர்னியா 2023-லேர்ந்து சிட்டிசனா இருக்கணும்கிறதை எடுத்துடுச்சு, சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருந்தாப் போதும்.

மத்தபடி தகுதி ரொம்பப் பெரிசில்லை. வயசு 21. காலேஜ்ல 60 கிரெடிட் அவர்ஸ் முடிச்சிருந்தா 18 போதும். ஹைஸ்கூல் பாஸ். ஃபெலனி (பெருங்குற்றம்), அதுக்கு அடுத்த படியான கிளாஸ் ஏ கேஸ் வாழ்நாள்ல இருக்கக் கூடாது. அதுக்கும் கீழ் படியான கிளாஸ் பி-ன்னா பத்து வருஷம் காத்திருக்கணும். குடிச்சிட்டு ஓட்டி முதல் தடவை மாட்டினாலே கிளாஸ் பி-தான், பார்ட்டிக்குப் போற தம்பிங்க ஞாபகத்துல வச்சுக்கோங்க. மாநில லைசென்ஸுக்கு 700 மணி நேரத்துக்கு மேல அகாடமி. அதுக்கு மேல உடல் பரிசோதனை, போதை மருந்து டெஸ்ட், சைக்காலஜிஸ்ட் பேட்டி.

எனக்கு ஓட்டம் கஷ்டமா இல்லை, விண்ணப்பம்தான் கஷ்டம். குடியிருந்த எல்லா வீட்டையும் எழுதணும், கூட இருந்தவங்களையும் எழுதணும். நான் கன்சல்டிங்ல இருந்தவன். ஒமாஹா, டல்லாஸ், மறுபடி ஒமாஹான்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன். ரூம்மேட் நாலு பேர் புனேக்குத் திரும்பிட்டாங்க, ஒருத்தனுக்கு என் பேரே ஞாபகமில்லை. "இவ்வளவு வீடு மாறினது ஏன்?"னு அதிகாரி சந்தேகமாக் கேட்டார். புராஜக்ட் முடிஞ்சா கிளம்பணும்ங்கறதை அவருக்குப் புரிய வைக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு.

முதல் போஸ்டிங் ஜெயில். நிறைய கவுண்டிகள்ல இதுதான் வழக்கம். கார்ல சுத்தறதை டிவியில பார்த்துட்டு வர்றவங்களுக்கு இது தெரியறதில்லை, ஷெரீஃபோட பெரிய பொறுப்பே கவுண்டி ஜெயில்தான். இங்க மாநில விதிப்படி 48 கைதிக்கு ஒரு அதிகாரி. மணிக்கு ஒரு தடவையாவது ஒவ்வொருத்தரையும் நேர்ல பார்க்கணும். தற்கொலை பயம் இருக்கிறவங்க, மனநோய் இருக்கிறவங்கன்னா அரை மணிக்கு ஒரு தடவை. பார்க்கறதுன்னா எட்டிப் பார்க்கறதில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். போர்வை ஏறி இறங்குதான்னு நின்னு கவனிக்கணும். முதல் மாசம் வீட்டுக்கு வந்தும் பொண்ணு தூங்கறப்ப அதையே பார்த்துக்கிட்டு நிப்பேன். திருநெல்வேலியில அம்மா சொந்தக்காரங்ககிட்ட "கவர்மென்ட் வேலை"ன்னு மட்டும் சொல்லி வச்சிருக்காங்க.

ஆறுவழிச்சாலை, உங்களைப் பார்த்துக் கத்தினாரே, அவரைத் தப்பா நினைக்காதீங்க. ஹாரிஸ் கவுண்டியில சந்தீப் சிங் தாலிவால்னு ஒரு டெபுட்டி இருந்தார். அவரும் ஜெயில்லதான் ஆரம்பிச்சார். 2015-ல விதியைத் தளர்த்தினதும், அங்க தலைப்பாகையும் தாடியுமா ரோந்து போன முதல் சீக்கியர். 2019 செப்டம்பர் 27, பட்டப்பகல்ல ஒரு காரை நிறுத்திப் பேசிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பி நடக்கறப்ப, நிறுத்தின கார்க்காரனே பின்னாடி ஓடி வந்து சுட்டுட்டான். ஹூஸ்டன்ல ஒரு போஸ்ட் ஆபீஸுக்கு அவர் பேர் வச்சிருக்காங்க. டிராஃபிக் ஸ்டாப் பாடம் நடத்தறப்ப எங்க வகுப்புல அந்தப் பேர் வந்துச்சு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

பால்கனி வாசி:

நான் கலிஃபோர்னியா. எங்க அப்பா முன்சீப் கோர்ட்ல சிரஸ்தாரா இருந்து ரிட்டையர் ஆனவர். இங்க வந்திருந்தப்ப எதிர் பிளாக்ல ஒரு வீட்டுக் கதவுல டெபுட்டி நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனார், 5 நாள்ல காலி பண்ணச் சொல்லி. கெடு முடிஞ்சு திரும்ப வந்தப்ப கூடவே பூட்டு மாத்தற ஆளும் வந்தான். ஒரு பொம்பளை துணி மூட்டையோட படியில உக்காந்துட்டா. டெபுட்டி அவசரப்படுத்தலை, பூனைக் கூண்டை எடுக்க மறுபடி உள்ள போக விட்டார். அப்பா பால்கனியில நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டு, "இவனைப் போய் போலீஸ்ங்கறே, நம்ம கோர்ட் அமீனாடா இவன்"னார். அதுக்கப்புறம் எந்த டெபுட்டியைப் பார்த்தாலும் எங்க வீட்டுல "அமீனா போறார்"தான்.

இன்னொண்ணு, ஆப்பிள் கம்பெனி இருக்கிற கூபர்டினோவுக்குச் சொந்தமா போலீஸ் கிடையாது, சாண்டா கிளாரா கவுண்டி ஷெரீஃப்கிட்ட ஒப்பந்தம். இங்க பத்து வருஷமா இருக்கிறவங்களுக்கே தெரியலை.

ஏமாந்தவன்:

பேரைப் பார்த்தே புரிஞ்சிருக்கும். ஷெரீஃப் ஆபீஸ்லேர்ந்து பேசறேன், ஜூரி டியூட்டிக்கு வராததால வாரன்ட் இருக்கு, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொன்னா கைது பண்ண மாட்டோம்னு போன். போன்ல காட்டின நம்பரும் நிஜ நம்பர் மாதிரியே இருந்துச்சு. 400 டாலர் போச்சு. சாயங்காலம் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "சிட்டிசனே இல்லாத உங்களை எதுக்குங்க ஜூரியில கூப்பிடப் போறாங்க?"

மேட்டூர்க்காரன்:

அந்தக் கேள்விக்கே 400 டாலர் குடுக்கலாம். ரெண்டாம் ஷிப்ட், ஒரு சந்தேகம். ஜூன்ல ஆறு வாரம் ஊருக்குப் போறோம். வீட்டைப் பார்த்துக்க ஷெரீஃப் ஆபீஸ்ல சொல்லி வைக்கலாமாமே?

ரெண்டாம் ஷிப்ட்:

வெக்கேஷன் வாட்ச்னு பேரு, நிறைய இடத்துல காசில்லாம செய்யறாங்க. உங்க பேட்டைக்கு ஒப்பந்தம் யாரோடன்னு சங்கத்துல கேட்டுட்டு, அவங்க வெப்சைட்ல ஃபாரம் நிரப்புங்க. போற தேதி, வர்ற தேதி, வாசல்ல நிக்கப் போற காரோட நம்பர், சாவி யார்கிட்ட இருக்கு, எல்லாம் கேப்பாங்க. செடிக்குத் தண்ணி ஊத்த வர்றவர் பேரை விட்டுடாதீங்க. என் சிநேகிதன் விட்டுட்டான். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போன நான், என் டிபார்ட்மென்ட் பையன்கிட்டயே கையைத் தூக்கிக்கிட்டு, பூவாளியோட நின்னேன்.