கிராண்ட் கேன்யன்: ஏசிக்கு ஒரு ஜெனரேட்டர் போதுமா?

ஓய்வுபெற்ற தம்பதி, 24 அடி ஆர்.வி. (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி), கூடவே ஒரு லாப்ரடார். ஜூனில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்குப் போகிறோம். விளிம்புக்குக் கீழே இறங்கும் பாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை. நாயை விட்டுச்செல்லும் காப்பகம் (கென்னல்) இருக்கிறது, ஆனால் கூண்டில் இவன் சாப்பிடமாட்டான். வண்டியிலேயே விட்டால் ஏசி நிற்கக்கூடாது.

கூரை ஏசியின் குளிரூட்டும் திறன் 13,500 பிடியு, ஓட 1,400 வாட் வேண்டும். கம்ப்ரசர் கிளம்பும்போது எகிறும் மின் இழுவையைக் குறைக்க சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டாயிற்று. ஜெனரேட்டர் தொடர்ந்து தருவது 1,800 வாட். ஆனால் அங்கே 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, ஜெனரேட்டரின் திறனும் குறையும். ஆயிரம் அடிக்கு 3.5 சதவீதம் போனால் மிஞ்சுவது சுமார் 1,360 வாட்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றினாலும் இழந்தது முழுதாகத் திரும்பாது.

இன்னொரு ஜெனரேட்டர் வாங்கி பேரலலாக இணைப்பதா, அங்குள்ள ஆர்.வி. முகாமான டிரெய்லர் வில்லேஜில் 30 ஆம்ப் மின் இணைப்புள்ள இடம் பிடிப்பதா? கரண்ட் போனால் செல்லுக்கு எச்சரிக்கை அனுப்பும் வெப்பநிலை மானிட்டர், சிக்னல் மோசமான இடத்தில் யாருக்காவது ஒழுங்காக வேலை செய்ததா? மாடல் பெயரோடு சொல்லுங்கள்.